ஒரே காட்சி, ஒரே வெயில், ஒரே லென்ஸ்: உச்சவிலை ஃபோன்களின் கேமராவையும் வேகத்தையும் ஒப்பிட முழுமையான வழிகாட்டி

இரண்டு ஃபோன்களைக் கையில் பிடித்து, எதிரே இருக்கும் மரத்தை ஆளுக்கொரு தரம் சுட்டுவிட்டு, திரையிலேயே பார்த்து "இதுதான் பளிச்சுன்னு இருக்கு" என்று முடிவு கட்டிவிடுகிறோம். அந்த முடிவு பெரும்பாலும் தப்பு. அந்த நொடியில் இரண்டு ஃபோன்களும் ஒரே வேலையைச் செய்திருக்காது. ஒன்று தூரத்தை இழுத்துக் காட்டும் டெலி லென்ஸால் எடுத்திருக்கும், மற்றது பிரதான கேமராவின் படத்தை வெட்டிப் பெரிதாக்கியிருக்கும். ஒன்றின் திரை அதிக வெளிச்சத்தில் இருந்திருக்கும், மற்றது வெயிலில் சூடேறித் தானாகவே மங்கியிருக்கும்.

இந்த வழிகாட்டி மொரீஷியஸ் வாசகர்களை மனத்தில் வைத்து எழுதியது. உதாரணத்துக்கு ஐபோன் 17 ப்ரோ, சாம்சங் கேலக்ஸி எஸ்25 அல்ட்ரா, கூகுள் பிக்சல் 10 ப்ரோ மூன்றையும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஷாவ்மி, விவோ என்று வேறு எதை ஒப்பிட்டாலும் முறை இதேதான்.

தேவையான சாமான்கள்: ஃபோன் பிடிக்கும் கிளிப்புடன் ஒரு சின்ன டிரைபாட், கண்ணாடி துடைக்கும் மைக்ரோஃபைபர் துணி, தரவு வேகமாகக் கடத்தும் யூஎஸ்பி-சி கேபிள், ஒரு லேப்டாப், ஏ4 தாளில் அச்சடித்த தமிழ் எழுத்துச் சோதனைத் தாள் (கீழே விளக்கம் இருக்கிறது), சூடு பார்க்க அகச்சிவப்பு தெர்மாமீட்டர். கடைசிச் சாமான் இல்லாவிட்டாலும் ஒப்பேற்றலாம்.

படி 1: இரண்டையும் ஒரே நிலைக்குக் கொண்டுவருதல்

லென்ஸைத் துடையுங்கள். சிரிப்பு வரலாம், ஆனால் விளக்கைச் சுற்றிப் புகைமூட்டம் போலத் தெரிவதில் பாதி விரல் எண்ணெய்தான். கடலோரத்தில் நின்றால் உப்பு ஈரமும் சேர்ந்துகொள்ளும். ஒவ்வொரு இடத்திலும் ஒரு தரம் துடைக்க வேண்டும்.

இரண்டிலும் மென்பொருள் அப்டேட்டை முடித்துவிட்டு ஒரு நாள் விடுங்கள். அப்டேட் ஆனதும் ஃபோன் பின்னணியில் படங்களை வகைப்படுத்திக்கொண்டும் ஆப்களைச் சீரமைத்துக்கொண்டும் இருக்கும். அந்த நேரத்தில் வேகமும் பேட்டரியும் பொய் சொல்லும். பேட்டரி 80 சதவீதத்துக்கு மேல் இருக்கட்டும், பவர் சேவரை அணைத்துவிடுங்கள். உறையைக் கழற்றுங்கள்.

இனி கேமரா அமைப்புகள். ஐபோனில் ஃபோட்டோகிராஃபிக் ஸ்டைல் 'ஸ்டாண்டர்ட்' நிலையில் இருக்க வேண்டும். வீட்டில் யாரோ ஒருவர் 'கோல்ட்' வைத்துவிட்டு மறந்திருப்பார், நாம் ஐபோன் நிறம் மஞ்சளடிக்கிறது என்று எழுதிக்கொண்டிருப்போம். சாம்சங்கில் சீன் ஆப்டிமைசரை அணையுங்கள், இன்டெலிஜென்ட் ஆப்டிமைசேஷனை நடுநிலையில் வையுங்கள். மெகாபிக்சல் அளவும் முக்கியம். எஸ்25 அல்ட்ராவின் பிரதான கேமரா 200 மெகாபிக்சல் என்றாலும், சும்மா எடுத்தால் 16 பிக்சல்களை ஒன்றாகச் சேர்த்து 12 மெகாபிக்சல் படம்தான் தரும். ஐபோனின் 48 மெகாபிக்சல் கேமரா வழக்கமாக 24 மெகாபிக்சல் படம் தரும். முதல் சுற்றில் வாங்கியவுடன் இருக்கும் அளவிலேயே எடுங்கள், ஏனென்றால் பத்தில் ஒன்பது படம் அப்படித்தான் எடுக்கப்போகிறோம். இரண்டாம் சுற்றில் முழு அளவுக்கு மாற்றுங்கள். இரண்டு சுற்றையும் கலக்காதீர்கள்.

படி 2: எந்த லென்ஸ் எடுக்கிறது என்று கண்டுபிடித்தல்

ஒப்பீடுகள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

திரையில் '5x' என்று அழுத்தினால் 5 மடங்கு லென்ஸ்தான் எடுக்கும் என்று நம்புகிறோம். வெளிச்சம் குறைந்தாலோ, பொருள் மிக அருகில் இருந்தாலோ ஃபோன் சத்தமில்லாமல் பிரதான கேமராவுக்கு மாறி, நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்கித் தரும். டெலி லென்ஸின் துளை சிறியது, சென்சாரும் சிறியது. இருட்டில் அதைவிட வெட்டிய படமே தேவலை என்று மென்பொருள் கணக்குப் போடுகிறது. அது தப்பில்லை. நாம் அதை டெலி லென்ஸின் தரம் என்று எழுதினால்தான் தப்பு.

கண்டுபிடிக்க எளிய வழி: 5x அழுத்தி, பொருளைத் திரையில் பார்த்துக்கொண்டே டெலி லென்ஸை விரலால் மூடுங்கள். திரை கறுத்தால் டெலிதான் வேலை செய்கிறது. ஒன்றும் ஆகவில்லையென்றால் பிரதான கேமராதான். எடுத்த பிறகு பார்க்க வேண்டுமானால் கேலரியில் படத்தை மேலே தள்ளுங்கள். குவியத்தூரம், துளை அளவு, ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு) எல்லாம் வரும். ஐபோன் 17 ப்ரோவில் பிரதான கேமரா எஃப்/1.78, டெலி எஃப்/2.8. எஸ்25 அல்ட்ராவில் பிரதானம் எஃப்/1.7, 3 மடங்கு லென்ஸ் எஃப்/2.4, 5 மடங்கு லென்ஸ் எஃப்/3.4. துளை எண்ணைப் பார்த்தாலே லென்ஸ் எதுவென்று தெரிந்துவிடும்.

அடுத்தது ஜூம் படிகள். ஐபோன் 17 ப்ரோவின் டெலி 4 மடங்கு, அதாவது 100 மி.மீ. சாம்சங்கில் 3 மடங்குக்கு 10 மெகாபிக்சல் லென்ஸ் ஒன்று, 5 மடங்குக்கு 50 மெகாபிக்சல் லென்ஸ் ஒன்று. பிக்சல் 10 ப்ரோவில் 5 மடங்குக்கு 48 மெகாபிக்சல். 3x-இல் ஒப்பிட்டால் சாம்சங்குக்குச் சொந்த லென்ஸ் உண்டு, மற்ற இரண்டும் பிரதான கேமராவை வெட்டுகின்றன. 4x-இல் ஐபோனுக்குச் சாதகம், சாம்சங் தன் 10 மெகாபிக்சல் லென்ஸை இழுத்துக்கொண்டிருக்கும். 5x-இல் சாம்சங்கும் பிக்சலும் முழு பலத்தில் நிற்கும், ஐபோன் கொஞ்சம் வெட்ட வேண்டியிருக்கும். ஒரே ஒரு ஜூமில் சோதித்தால், எந்த எண்ணைத் தேர்ந்தெடுத்தோமோ அதுவே வெற்றியாளரைத் தீர்மானித்துவிடும். அதனால் 1, 2, 3, 4, 5, 10 என்று ஆறு படியிலும் எடுத்தாக வேண்டும்.

மிக அருகில் எடுக்கும்போது இன்னொரு குழப்பம். தட்டில் இருக்கும் டோல் புரியை நெருங்கி எடுத்தால், பிரதான லென்ஸுக்குக் குவியம் கிடைக்காமல் ஃபோன் அகலக்கோண லென்ஸுக்குத் தாவும். விளிம்பெல்லாம் ஒரு மாதிரி இழுபடும். ஐபோனில் மேக்ரோ கன்ட்ரோல், சாம்சங்கில் ஃபோகஸ் என்ஹான்சர் என்று இதற்குப் பொத்தான் உண்டு. இரண்டு ஃபோனிலும் அணைத்தோ, இரண்டிலும் போட்டோ வைத்து எடுங்கள்.

படி 3: பகல் காட்சிகள்

டிரைபாடில் வைத்து, 3 விநாடி டைமர் போட்டு, ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு ஃபோனில் நான்கு படம். வரிசை முதல் ஃபோன், இரண்டாவது, இரண்டாவது, முதல், அப்புறம் மறுபடியும் அதே சுற்று. நம் மேட்டுநிலத்தில் மேகம் ஒரு நிமிடத்தில் வெயிலை மூடிவிடும். ஒரு ஃபோனில் நாலும் எடுத்து முடித்துவிட்டு அடுத்ததைத் தூக்கினால் இரண்டாவதற்கு வேறு வானம் கிடைத்திருக்கும்.

கடற்கரைச் சவுக்கு மரம். ஃப்ளிக் ஆன் ஃப்ளாக்கிலோ கிராண்ட் பே பக்கமோ சவுக்கின் ஊசியிலைகளை வெளிச்சமான வானத்துக்கு எதிரே வைத்து 1x-இல் எடுங்கள். இதைப்போல ஃபோனைக் காட்டிக்கொடுக்கும் பொருள் வேறு இல்லை. கூர்மையை அளவுக்கு மீறிக் கூட்டும் ஃபோனில் ஊசிகளைச் சுற்றி வெள்ளைக் கோடு தெரியும். இரைச்சலை அழித்துத் துடைக்கும் ஃபோனில் ஊசிகள் ஒட்டிப்போய்ப் பச்சைச் சாயம் தடவியது போலாகிவிடும். கரும்புக் காடும் இதே வேலையைச் செய்யும், ஆனால் காற்றில் ஆடுவதால் தீர்ப்பு சொல்வது கடினம்.

கறுப்புப் பாறையும் வெள்ளை மணலும். நண்பகலில் எரிமலைப் பாறை ஒன்றும் பவள மணலும் ஒரே சட்டத்தில் வரட்டும். மணலின் துகள் தெரிகிறதா, வெள்ளைத் தாளாகிவிட்டதா? பாறையின் துளைகள் தெரிகின்றனவா, கரி அப்பியது போல் இருக்கிறதா? இரண்டும் தெரிந்தும் படம் சப்பென்று இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். நிழலை எல்லாம் தூக்கிவிட்டு உச்சிவெயிலை மாலை வெயில் மாதிரி ஆக்கும் ஃபோன்கள் இருக்கின்றன. எங்கள் அபிப்பிராயத்தில் அது வெற்றியல்ல. நண்பகல் நண்பகலாகத் தெரிய வேண்டும்.

பீட்டர் போத் சிகரம். 820 மீட்டர் உயர மலையின் உச்சியில் தலை போல உட்கார்ந்திருக்கும் அந்தப் பாறை 5x, 10x சோதனைக்கென்றே வைத்தது போல இருக்கிறது. காலையில் எடுங்கள். வெயில் ஏறினால் இடையிலுள்ள காற்று நடுங்கி, எந்த லென்ஸும் மங்கலாகத்தான் காட்டும். லென்ஸின் குறையும் காற்றின் குறையும் பிரிக்க முடியாமல் போகும்.

முகம். நம் தோல் நிறத்துக்கு இதுதான் பெரிய சோதனை. மாநிறத்தவர் ஒருவரையும் நல்ல கறுப்பு நிறத்தவர் ஒருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துங்கள். முதல் படம் மர நிழலில், இரண்டாவது பின்னால் மாலைக் கடல் தகதகக்க. பார்க்க வேண்டியவை மூன்று: கறுப்புத் தோலைச் சாம்பலாக வெளுக்கிறதா, நெற்றியின் பளபளப்பை வெள்ளைத் திட்டாக்குகிறதா, மீசை தாடி ரோமத்தை மெழுகுகிறதா. முகத்தை அழகூட்டும் வசதியை முன்கேமராவில் பூஜ்ஜியத்துக்கு இறக்கிவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும்.

காவடி நிறம். தைப்பூசத்தில் நம் ஊர் பக்தர்கள் உடுத்தும் அடர்ந்த ரோஸ் துணியைப் படமெடுத்தவர்களுக்குத் தெரியும், சில ஃபோன்களில் மடிப்பே தெரியாமல் ஒரே ரோஸ் கட்டியாக வரும். சென்சாரில் சிவப்பு நிறத்தின் பதிவு உச்ச அளவை முட்டிவிடுவதுதான் காரணம். விழா நாளில் சோதனை வேண்டாம். வேண்டுதலோடு நடப்பவர் முன்னால் டிரைபாடை நீட்டுவது நன்றாக இருக்காது. அதே நிறத் துணியையும் ஒரு ஜரிகைப் புடவையையும் வீட்டு முற்றத்து வெயிலில் கொடியில் போட்டால் போதும். துணி மடிப்பின் நிழல் தெரிகிறதா, ஜரிகையில் இல்லாத வானவில் கோடு ஓடுகிறதா என்று பாருங்கள். கோயில் கோபுரமும் நல்ல பாடம்தான். போர்ட் லூயிஸ் கைலாசன் கோயில் போல வண்ணச் சிற்பம் நெருங்கிய கோபுரத்தை வெளியே நின்று 3x-இல் எடுங்கள்.

படி 4: எழுத்துச் சோதனை

மேலைநாட்டு விமர்சகர்கள் கோடுகள் போட்ட அட்டையை வைத்துச் சோதிப்பார்கள். நமக்கு அதைவிட நல்ல அட்டை நம் எழுத்திலேயே இருக்கிறது. 'ன'வுக்குச் சுழி இரண்டு, 'ண'வுக்கு மூன்று. 'ழ'வும் 'ம'வும் தூரத்தில் ஒன்று போலத் தெரிந்து, அடியிலுள்ள கொக்கியில்தான் பிரியும். 'ல', 'ள' இரண்டும் அப்படியே.

ஏ4 தாளில் பொருளில்லாத வரிகளை அச்சடியுங்கள்: ணனணணன, ழமமழம, லளளலள. அளவு 36, 24, 16, 12, 8 புள்ளி என்று மேலிருந்து கீழே குறையட்டும். பொருளுள்ள சொல்லைப் போடக் கூடாது, நம் மூளையே இல்லாத சுழியை நிரப்பிப் படித்துவிடும். தாளைச் சுவரில் ஒட்டி, 1x-க்கு 1.5 மீட்டர் தள்ளி நில்லுங்கள். ஜூம் கூடக்கூடத் தூரத்தையும் அதே மடங்கு கூட்டுங்கள்: 2x-க்கு 3 மீட்டர், 5x-க்கு 7.5 மீட்டர், 10x-க்கு 15 மீட்டர். இப்படிச் செய்தால் சட்டத்துக்குள் தாள் எப்போதும் ஒரே அளவில் இருக்கும், வித்தியாசம் லென்ஸின் வித்தியாசமாக மட்டும் இருக்கும். எந்த அளவு எழுத்து வரை சுழியை எண்ண முடிகிறது என்று குறியுங்கள்.

பிறகு 30x-க்கு, 45 மீட்டர் தள்ளி, தெருக்கோடியிலிருந்து ஒரு படம். வேடிக்கை இங்கேதான். இவ்வளவு ஜூமில் லென்ஸுக்கு வந்து சேரும் விவரம் கொஞ்சம், மீதியை மென்பொருள் வரைகிறது. பிக்சல் 10 ப்ரோவின் ப்ரோ ரெஸ் ஜூம், 30 மடங்குக்கு மேல் படத்தை உருவாக்கும் செயற்கை நுண்ணறிவையே பயன்படுத்துகிறது என்று கூகுளே சொல்லியிருக்கிறது. இப்படி வரையும்போது ஜன்னல், ஓடு, இலை எல்லாம் நம்பும்படி வந்துவிடும். தமிழ் எழுத்து மாட்டிவிடும். கூர்மையாக, அழகாக, எந்த மொழியிலும் இல்லாத ஓர் எழுத்து வந்து நிற்கும். மங்கலான 'ண' தேவலையா, பளிச்சென்ற பொய் எழுத்து தேவலையா என்பது உங்கள் உபயோகத்தைப் பொறுத்தது. தூரத்துப் பெயர்ப்பலகையைப் படிக்க ஜூம் செய்பவர் முதலாவதைத்தான் கேட்பார். நிலாப் படத்தை வைத்து ஜூமை மெச்சுவதையும் இந்தக் கணக்கில் விட்டுவிடலாம். நிலாவின் முகம் எப்போதும் ஒன்றுதான், மென்பொருளுக்கு அது மனப்பாடம்.

அச்சுப்பொறி கைவசம் இல்லையென்றால் நூறு ரூபாய் நோட்டு உண்டு. ரங்கநாதன் சீனிவாசன் படம் போட்ட நோட்டில் தமிழிலும் தொகை எழுதியிருக்கிறது. மேசையில் படுக்க வைத்து ஒரே தூரத்திலிருந்து எடுத்து, தமிழ் எழுத்தின் விளிம்பையும் பின்னணி மெல்லிய கோடுகளையும் பாருங்கள்.

படி 5: இரவும் அசைவும்

இரவுப் படத்தில் இரண்டு வேறு கேள்விகள் இருக்கின்றன. அசையாத காட்சி எப்படி வருகிறது என்பது ஒன்று. கோடான் துறைமுகக் கரையில் விளக்குகள் தண்ணீரில் விழும் காட்சி அதற்குப் போதும். மூன்று ஃபோனும் டிரைபாடில் நன்றாகவே செய்யும், அதிகம் மெனக்கெட வேண்டாம். அசையும் ஆள் எப்படி வருகிறார் என்பது மற்றது, காசு கொடுப்பது இதற்குத்தான்.

சேகா ஆடுபவரின் பாவாடைச் சுழற்சியோ வீட்டு விளக்கில் ஓடும் குழந்தையோ கிடைத்தால் பத்துப் படம் எடுங்கள். எத்தனையில் முகம் தெளிவு என்று எண்ணி, படவிவரத்தில் ஷட்டர் வேகத்தையும் பாருங்கள். 1/30 விநாடியில் எடுத்தது வெளிச்சமாக இருக்கும், கை காணாமல் போயிருக்கும். 1/120-இல் எடுத்தது கொஞ்சம் புள்ளியடிக்கும், ஆனால் ஆள் ஆளாக இருப்பார். இருண்ட படத்தைக் கணினியில் ஏற்றிக்கொள்ளலாம், குழைந்த முகத்தை யாரும் திருத்த முடியாது.

ஷட்டர் தாமதத்தை அளக்க ஒரு டேப்லெட்டில் நூறில் ஒரு பங்கு விநாடி காட்டும் ஸ்டாப்வாட்ச்சை ஓடவிடுங்கள். 10.00 வரும்போது பொத்தானை அழுத்தி, படத்தில் பதிந்த எண்ணைக் குறியுங்கள். நம் விரலும் தாமதிக்கும் என்பதால் ஒரு படம் போதாது. ஒரு ஃபோனுக்குப் பத்து எடுத்து, எண்களை வரிசைப்படுத்தி நடுவில் வருவதை வைத்துக்கொள்ளுங்கள். 60 ஹெர்ட்ஸ் திரை சுமார் 17 மில்லிவிநாடிக்கு ஒரு தரம்தான் மாறும், அதற்குக் குறைந்த வித்தியாசத்துக்கு அர்த்தமில்லை.

குத்துவிளக்கு ஒன்றை ஏற்றி, மற்ற விளக்குகளை அணைத்தும் ஒரு படம் எடுங்கள். சுடரின் நிறம் இயல்பிலேயே செம்மஞ்சள். அதை முழுக்க வெள்ளையாக்கும் ஃபோன் பித்தளையை நிக்கல் போலக் காட்டும்.

படி 6: வீடியோ

இரண்டையும் 4கே, ஒரே சட்ட வேகம் (எஃப்பிஎஸ், அதாவது விநாடிக்கு எத்தனை படம்), ஹெச்டிஆர் (வெளிச்சம், நிழல் இரண்டின் விவரத்தையும் கூட்டிக் காட்டும் வசதி) அணைத்த நிலையில் வையுங்கள். இருபது அடி இயல்பாக நடங்கள், படி ஏறி இறங்குங்கள், பக்கவாட்டில் திரும்புங்கள். இரவில் தெருவிளக்கின் கீழ் நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் விளக்கு துடிப்பது போல் தெரிந்தால், நிலைப்படுத்தும் மென்பொருள் மெதுவான ஷட்டரோடு மல்லுக்கட்டுகிறது என்று பொருள்.

நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், 230 வோல்ட். மலிவான எல்இடி விளக்குகள் விநாடிக்கு 100 தரம் துடிக்கும். 30 எஃப்பிஎஸ் வீடியோவில் ஷட்டர் 1/60 ஆனால் அந்தத் துடிப்போடு ஒத்துப்போகாமல் கறுப்புப் பட்டை மிதக்கும். இதைப் பார்த்து ஃபோன் கெட்டது என்று தீர்மானிக்க வேண்டாம். ஐபோனில் அமைப்புகள், கேமரா, ரெக்கார்ட் வீடியோ என்று போய் 'ஷோ பிஏஎல் ஃபார்மட்ஸ்' போட்டால் 25 எஃப்பிஎஸ் வரும். சாம்சங்கில் ப்ரோ வீடியோவில் ஷட்டரை 1/50 அல்லது 1/100 ஆக்குங்கள். அதன் பிறகும் பட்டை வந்தால் குறித்துக்கொள்ளலாம்.

மைக்கைச் சோதிக்க, தெற்கே சுய்யாக்கில் இருக்கும் கிரி கிரி கடற்கரை போதும். தென்கிழக்குக் காற்று முகத்தில் அடிக்க, இரண்டு மீட்டர் தள்ளி ஒருவர் ஒரு பத்தியை வாசிக்கட்டும். காற்றிரைச்சல் குறைக்கும் வசதியைப் போட்டு ஒன்று, அணைத்து ஒன்று. குரல் தகர டப்பாவுக்குள் பேசுவது போல ஆகாமல் இருப்பதே வெற்றி.

சேமிப்பிடத்தையும் கணக்குப் பாருங்கள். 4கே 60 எஃப்பிஎஸ், ஹெச்இவிசி என்ற சுருக்க வடிவில் ஐபோனில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 400 எம்பி. குறைவாகவே சுருக்கும் ப்ரோரெஸ் வடிவில் 4கே 30 எஃப்பிஎஸ் எடுத்தால் நிமிடத்துக்குச் சுமார் 6 ஜிபி. கல்யாண வீடியோ எடுக்க நினைப்பவர் 256 ஜிபி வாங்கிவிட்டுத் தாலி கட்டும் நேரத்தில் பழைய படங்களை அழித்துக்கொண்டிருப்பார்.

படி 7: படங்களைப் பார்த்தல்

வாட்ஸ்ஆப்பில் அனுப்பி ஒப்பிடாதீர்கள். அது படத்தைச் சுருக்கிவிடும், எல்லா ஃபோனும் சமமாகிவிடும். அந்தந்த ஃபோனின் திரையிலும் பார்க்காதீர்கள். திரையின் நிறமும் வெளிச்சமும் வேறு, ஹெச்டிஆர் படத்தின் வெளிச்சப் பகுதிகளைச் சில திரைகள் கூடுதலாக ஏற்றிக் காட்டும். அசல் கோப்புகளைக் கேபிளில் எடுத்து ஒரே கணினித் திரையில் பாருங்கள். ஐபோனோடு பெட்டியில் வரும் கேபிள் யூஎஸ்பி 2 வேகம்தான், 480 எம்பிபிஎஸ். ஃபோன் 10 ஜிபிபிஎஸ் தாங்கினாலும் அந்தக் கேபிளில் வராது. அதை வைத்துக் "காப்பி ஆக நேரமாகிறது" என்று ஐபோனைக் குறை சொல்லக் கூடாது.

எல்லாப் படங்களையும் 12 மெகாபிக்சலுக்குச் சுருக்கி, பெயரை மாற்றி, எது எந்த ஃபோன் என்று தெரியாமல் பார்ப்பது நல்லது. பெயர் மாற்றுவது வீட்டில் வேறொருவராக இருக்கட்டும். தெரிந்தே பார்த்தால் ஏற்கெனவே மனத்தில் வாங்கிவிட்ட ஃபோன்தான் ஜெயிக்கும்.

படி 8: வேகமும் சூடும்

வேகம் அளக்கும் ஆப்களில் கீக்பெஞ்ச் 6, 3டிமார்க் இரண்டும் போதும். இரு இயங்குதளங்களுக்கும் அவை இருக்கின்றன. அன்டுட்டு என்ற இன்னொரு சோதனை ஆப்பின் எண்ணை ஆண்ட்ராய்டுக்குள் மட்டும் ஒப்பிடுங்கள், ஐபோனோடு வேண்டாம். கீக்பெஞ்சை மூன்று தரம், நடுவே ஐந்து நிமிடம் ஆறவிட்டு ஓட்டி, நடு எண்ணை எடுங்கள். ஐபோனின் ஏ19 ப்ரோ சிப் ஒற்றைக் கோரில் (சிப்பின் ஒரு செயலி அலகு மட்டும் ஓடும் சோதனையில்) முன்னே நிற்கும். எஸ்25 அல்ட்ராவின் ஸ்னாப்டிராகன் 8 எலைட் பல கோரில் அதை நெருங்கும். பிக்சலின் டென்சர் ஜி5 இரண்டிலும் பின்தங்கும். அன்றாட உபயோகத்தில் இந்த வித்தியாசம் தெரியாது.

எண்ணை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கு ஒரு பழைய வழக்கும் உண்டு. ஆப்களின் வேகத்தைக் கட்டுப்படுத்திவிட்டுச் சோதனை ஆப்பை மட்டும் முழு வேகத்தில் ஓடவிட்டதாகக் கண்டறிந்து, 2022-இல் கீக்பெஞ்ச் சில கேலக்ஸி எஸ் வரிசை ஃபோன்களைத் தன் பட்டியலிலிருந்து நீக்கியது.

உண்மையான சோதனை 3டிமார்க்கின் வைல்ட் லைஃப் எக்ஸ்ட்ரீம் ஸ்ட்ரெஸ் டெஸ்ட். ஒரு நிமிடக் காட்சியை 20 தரம் ஓட்டி, மிகக் குறைந்த எண்ணை மிக உயர்ந்ததால் வகுத்துச் சதவீதமாகச் சொல்லும். ஒரு கணக்குக்கு: முதல் ஃபோன் 6,000-இல் தொடங்கி 60 சதவீதத்தில் முடிந்தால் கடைசியில் 3,600. இரண்டாவது 5,000-இல் தொடங்கி 80 சதவீதத்தில் நின்றால் 4,000. தொடக்கத்தில் முதல் ஃபோன் வேகம், இருபதாவது நிமிடத்தில் இரண்டாவதுதான் வேகம். விளையாடுபவருக்கு இரண்டாவது எண்தான் வேண்டும்.

அறை வெப்பம் இதைத் தலைகீழாக்கிவிடும். க்யூர்பிப் ஏறக்குறைய 550 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கடலோரத்தைவிட ஐந்து டிகிரி போலக் குளிர்ச்சி. க்யூர்பிப்பில் ஒரு ஃபோனையும் கிராண்ட் பேயில் இன்னொன்றையும் ஓட்டிவிட்டு எண்களை ஒப்பிட்டால், ஒப்பிட்டது ஊர்களைத்தான். ஒரே அறை, ஒரே மர மேசை, ஃபேன் காற்று நேரே படாமல், இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்டுங்கள். ஒன்றின் சூடு மற்றதில் படாமல் ஓரடி இடைவெளி விடுங்கள்.

தெர்மாமீட்டரைப் பளபளப்பான கண்ணாடியிலோ உலோகத்திலோ நேராகக் காட்டினால் குறைத்துக் காட்டும். முதுகில் ஒரு சின்னத் துண்டு காகித டேப் ஒட்டி, அதன்மேல் காட்டுங்கள். 5, 10, 20 நிமிடங்களில் குறியுங்கள்.

ஜனவரி வெயிலில் கடற்கரையில் 4கே 60 எஃப்பிஎஸ் வீடியோவை ஓடவிட்டு, எத்தனையாவது நிமிடத்தில் திரை மங்குகிறது, எப்போது பதிவு நிற்கிறது என்றும் பாருங்கள். ஐபோனை 35 டிகிரிக்கு உட்பட்ட சூழலில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். நேர்வெயிலில் ஃபோனின் முதுகு காற்றைவிட அதிகம் சுடும் என்பதால் சோதனையை அரைமணிக்கு மேல் நீட்ட வேண்டாம், நின்றதும் நிழலுக்குக் கொண்டுபோங்கள். சூடான ஃபோனைக் குளிர்பெட்டியில் வைக்கவே கூடாது, உள்ளே ஈரம் கட்டும்.

படி 9: பேட்டரியும் சிக்னலும்

இரண்டு திரையும் ஒரே வெளிச்சத்தில் இருந்தால்தான் பேட்டரி ஒப்பீடு செல்லும். பாதி ஸ்லைடர் என்றால் பாதி வெளிச்சம் அல்ல. இரண்டிலும் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து அருகருகே வைத்து, மூன்றாவது ஃபோன் ஒன்றில் வெளிச்சத்தைப் பூட்டிக்கொண்டு பாருங்கள். இரண்டும் ஒரே வெள்ளையாகத் தெரியும் வரை ஸ்லைடரை நகர்த்துங்கள். பிறகு ஒரே வைஃபையில் ஒரே வீடியோவை ஒரு மணி நேரம், கேமராவை அரைமணி, விளையாட்டை அரைமணி ஓட்டி, எத்தனை சதவீதம் குறைந்தது என்று பாருங்கள்.

சிக்னலுக்கு ஒரே நிறுவனத்தின் சிம்மை, மைடி என்றால் மைடி, எம்டெல் என்றால் எம்டெல், மாற்றி மாற்றிப் போட வேண்டும். கம்பிகளை எண்ணாதீர்கள், ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு கணக்கில் கம்பி வரைகிறது. ஐபோனில் *3001#12345#* அழைத்தால் சிக்னல் பலத்தைச் சொல்லும் ஆர்எஸ்ஆர்பி எண் வரும். ஆண்ட்ராய்டில் சிம் நிலைப் பக்கத்தில் டிபிஎம் கணக்கில் இருக்கும். -80 நல்லது, -110 மோசம். ஷமரேல் மலைப்பாதை போன்ற பலவீனமான இடத்தில்தான் மோடத்தின் திறமை தெரியும்.

சார்ஜருக்கு ஒரு வரி. எஸ்25 அல்ட்ராவின் 45 வாட் வேகத்துக்கு பிபிஎஸ் (மின்னழுத்தத்தைத் தேவைக்கேற்ப மாற்றித் தரும் முறை) ஆதரிக்கும் சார்ஜரும் 5 ஆம்பியர் கேபிளும் வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் வேகம் இறங்கிவிடும்.

வாங்குவதற்கு முன் மாடல் எண்

பாகாடெல், திரியனோன் கடைகளில் பெட்டி பிரிக்குமுன் மாடல் எண்ணைக் கேளுங்கள், வாங்கியதும் *#06# அழைத்து வரும் ஐஎம்இஐ எண் பெட்டியோடு பொருந்துகிறதா பாருங்கள். துபாயிலிருந்து கொண்டுவரும் ஐபோன் 17 ப்ரோவுக்குச் சிம் தட்டே கிடையாது, இ-சிம் மட்டும். அமெரிக்கா, கனடா, ஜப்பான், சவூதி மாடல்களும் அப்படித்தான். தட்டு இருந்த இடத்தையும் பேட்டரி எடுத்துக்கொண்டதால், இ-சிம் மாடலுக்கு 33 மணி நேர வீடியோ, தட்டுள்ள மாடலுக்கு 31 மணி நேரம் என்று ஆப்பிளே தனித்தனியாகக் குறிப்பிடுகிறது. இணையத்தில் பார்க்கும் அமெரிக்க விமர்சகரின் பேட்டரி எண்ணும் நம் கடையில் தட்டோடு விற்கும் ஃபோனின் எண்ணும் ஒத்துப்போகாததற்கு இதுவும் ஒரு காரணம். உங்கள் சிம் நிறுவனம் இ-சிம் தருகிறதா, உத்தரவாதம் இங்கேயே செல்லுமா, சொன்ன விலையில் 15 சதவீத வாட் வரி அடங்கியதா என்று மூன்றையும் பில்லில் எழுதி வாங்கிக்கொண்டு பெட்டியைப் பிரியுங்கள்.